மினுக்கக் கூடாத முகம்

றெஜினா அக்கா இறந்த செய்தி எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. மேலே யாரோ ஒருவரின் வீடு விற்பனை விளம்பரம், கீழே யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக், நடுவில் அவர். அப்போது நான் மகனோடு கிளினிக்கில் இருந்தேன். அவனுடைய இழுப்புச் சத்தத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவர் உயிரோடு இருந்த காலத்தில் "புத்தருக்குப் பவுடர் போடுறவ" என்று சொல்லிச் சிரித்தவர்கள். பத்து நிமிடத்துக்குள் அவர் "தெய்வீகக் கலைஞர்" ஆகிவிட்டார். உயிரோடு இருக்கும்போது அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அஜக்ஸ் நகரில் இருக்கும் அவருடைய தங்கை ஸ்ரெலா என்னைக் கேட்டிருந்தார். எழுதினேன், அழித்தேன். மலர் நான் இல்லாமலே அச்சாகி வந்தது. பூசை முடிந்து, மண்டபத்தில் பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டே புரட்டினேன். நான்காம் பக்கத்தில் எங்கள் கடை முதலாளி ஜெயம் அண்ணையின் கட்டுரை. "கைதேர்ந்தவர். ஒரேயொரு முறை மட்டும், திபெத்தியக் குடும்பமொன்றின் பழைய விக்கிரகத்தின் முகத்தை அழித்துவிட்டார். அதையும் நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன்."

அந்த முகத்தை அழித்தவர் றெஜினா அக்கா அல்ல. யார் என்பதைச் சொல்லத்தான் இதைப் பிந்தி எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். தெரியாமலே கைகூப்பியவர்களும் வாசிக்கலாம்.

எங்கள் கடை ஸ்காபரோவில், வாகனம் திருத்தும் இடங்களுக்கு நடுவில் இருக்கிறது. கோயில் குத்துவிளக்குகள், தேவாலய மெழுகுதிரித் தண்டுகள், கிரிக்கெட் கிண்ணங்கள் எல்லாம் மினுக்கித் தருவோம். றெஜினா அக்கா மன்னார்க் கத்தோலிக்கர். கனடா வந்த புதிதில் படச்சட்டங்களுக்குத் தங்கத்தாள் ஒட்டும் இடத்தில் வேலை செய்தார். பிறகு தேவாலயச் சொரூபங்கள். பிறகு பார்க்டேலில் இருக்கும் திபெத்திய, நேபாளக் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பொன்முலாம் விக்கிரகங்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். நான் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவள். விக்கிரகம் வரும்போது எந்த நிலையில் இருந்தது, போகும்போது எந்த நிலையில் போகிறது என்று அறிக்கை எழுதுவதும் துப்புரவாக்கிக் கொடுப்பதும் என் வேலை. முதல் நாளே றெஜினா அக்கா என் அறிக்கையை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசித்தார்.

"மூண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இடது காதில கீறல் இருக்கெண்டு எங்க இருக்கு?"

"அது... ரெண்டாம் பக்கத்தில வருது அக்கா."

"ரெண்டாம் பக்கம் வரைக்கும் போக ஆருக்குப் பிள்ளை பொறுமை? கீறலை முதல் எழுது. உன்ர படிப்பைக் கடைசியா எழுது."

அவர் யாரையும் மதித்ததில்லை என்று மலரில் ஒருவரும் எழுதவில்லை. அது உண்மை, நல்ல உண்மையும்கூட. யூனியன்வில்லில் இருந்து ஒரு பெண் வந்தார். புதுவீட்டுக் குளியலறையில், தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கப் பொன்னிறப் புத்தர் தலை ஒன்று வேண்டுமாம். தலை மட்டும் போதும், அமைதியாக இருக்கும் என்றார். றெஜினா அக்கா தன் ஆங்கிலத்தில், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், "நீராவி பட்டால் அவருடைய சுருள்முடி நிமிர்ந்துவிடும், மிஸ்" என்றார். அந்தப் பெண் அதை நம்பிக் குறித்துக்கொண்டார். அவர் போனபின் அக்கா சொன்னது தமிழில்: "கழுத்தை வெட்டிப்போட்டு அமைதியா இருக்காம். அமைதியாத்தானே இருக்கும்."

எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. கோயில் விளக்கு கொண்டுவந்த ஒரு பெரியவர், மேசையில் இருந்த போதிசத்துவரைப் பார்த்துவிட்டு, இதற்கு இன்னும் இரண்டு கை வைத்து இலட்சுமியாக மாற்ற முடியாதா என்று கேட்டார்.

"ஏலும் அண்ணை," என்றார் அக்கா. "உங்களுக்கும் ரெண்டு காது கூட வைக்கலாம். அப்பவாவது இது ஆம்பிளையெண்டு நான் சொல்லுறது கேக்கும்."

இன்னொருவர் பகிடிக்கு வரவில்லை. கிண்ணங்களை எடுக்க வந்தவருக்கு, மேசையில் நின்ற புத்தரைக் கண்டதும் குரல் மாறியது. "உங்களுக்கு வெக்கமில்லையோ? எங்கட காணியில, எங்கட கோயில் வாசலில ஆமிக்காரங்கள் புத்தரைக் கொண்டுவந்து நட்டவங்கள். நீங்கள் இஞ்ச இருந்து தங்கம் பூசுறியள்." அது சும்மா கோபம் இல்லை, எங்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. றெஜினா அக்கா தூரிகையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, அது சீமெந்து. துவக்கோட வந்தது. இது செம்பு. ஒரு மனுசி தன்ர சீலைக்குள்ள சுத்தி அகதியாக் கொண்டுவந்தது. நீங்களும் நானும் வந்த மாதிரி." பிறகு கிண்ணங்களை அவர் பக்கம் தள்ளினார். "உங்கட கப் மினுங்குது, கொண்டுபோங்கோ."

அந்த மனிதர் மலரில் கவிதை எழுதியிருக்கிறார். இரண்டு பக்கம்.

இனி முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிது என்று விளங்காது. இமயமலைப் பக்கத்து விக்கிரகங்களைச் செம்பில் வார்ப்பார்கள், அல்லது தகடாகத் தட்டி எடுப்பார்கள். உடம்புக்குப் பொன்னையும் பாதரசத்தையும் குழைத்துப் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் நச்சு ஆவியாகப் போய்விட, பொன் செம்போடு ஒட்டிவிடும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். அந்தப் பொன் நூற்றாண்டுகளுக்கு அசையாது. முகமோ வேறு. பொன்னைத் தூளாக்கிப் பசையில் கலந்து தூரிகையால் பூசுவது. அதைத் தேய்ப்பதில்லை, மினுக்குவதில்லை. மாவு போல மங்கலாக, மென்மையாக இருக்கும். அதன்மேல் கண், புருவம், உதடு எல்லாம் நிறத்தால் எழுதுவார்கள். கண் கடைசி. கண் எழுதினால்தான் அது பார்க்கும். எங்கள் கோயில்களிலும் கண் திறப்பது கடைசிதானே. ஈரம் பட்டால் முகம் போய்விடும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

முகத்தை மட்டும் ஏன் மங்கலாக விடுகிறார்கள் என்று நான் ஒரு நாள் கேட்டேன். என் புத்தகங்களில் அதற்குப் பெரிய விளக்கங்கள் இருந்தன. அக்காவின் விளக்கம் இது: "உடம்பு மினுங்கலாம். முகம் மினுங்கினா அதில உன்ர மூஞ்சைதான் தெரியும். பிறகு ஆரைக் கும்பிடுறாய்?"

விக்கிரகத்தின் உள்ளே வெற்றிடம் இருக்கும். மந்திரம் எழுதிய காகிதச் சுருள்களும் தானியமும் வைத்து, அடியில் செம்புத் தகடு போட்டு மூடிவிடுவார்கள். அதைத் திறந்தால் உள்ளே இருந்த உயிர் போனது போலத்தான். ஜெயம் அண்ணைக்கு எப்போதும் திறந்து பார்க்க ஆசை. பழைய காகிதம் இருந்தால் படம் எடுத்து இணையத்தில் போடலாமாம். அக்கா அவரைக் கிட்ட விடமாட்டார். "கோயிலில சுவாமியார் பூட்டின நற்கருணைப் பேழையை நான் திறந்து பாப்பனே? தள்ளி நில்லுங்கோ."

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு வசந்தகாலத்தில், பார்க்டேலில் இருந்து டொல்மா என்ற பெண் தங்கள் பெண்தெய்வம் தாராவின் விக்கிரகம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். வேலை உடுப்போடே வந்திருந்தார். தாரா ஒரு சாண் உயரம். அவருடைய அம்மாவின் அம்மா வணங்கியது. வெண்ணெய் விளக்குப் புகை தாமரைப் பீடத்தில் கறுப்பாகப் படிந்திருந்தது. பீடத்தை மட்டும் துப்புரவாக்கினால் போதும், முகத்தைத் தொடவேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். தாராவின் இடது கால் மடிந்திருந்தது, வலது கால் பீடத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. ஏன் அப்படி என்று கேட்டேன். "யாராவது கூப்பிட்டால் உடனே எழும்ப," என்றார் டொல்மா. "அம்மாக்கள் முழுதாக உட்கார்வதில்லையே."

அப்போது நான் பிள்ளைப்பேற்று விடுமுறை முடிந்து வேலைக்கு வந்து மூன்று கிழமை. மகனுக்குப் பதினான்கு மாதம். டேகெயாரில் விட்டதிலிருந்து தடிமன், சளி, இழுப்பு, இழுப்புக்கு மருந்துப் பம்ப். அவன் மூச்சு நின்றுவிடும் என்று நான் நாள்முழுக்கப் பயந்தேன். ரெலிபோனைக் கையை விட்டு வைக்கவில்லை. "பிள்ளைக்கு ஆஸ்மா. உனக்கு ரெலிபோன்," என்பார் அக்கா. "ரெண்டுக்கும் ஒரே பம்ப் அடிக்கேலாது."

அன்று காலை ஒரு கோயிலின் குத்துவிளக்குகள் வந்திருந்தன. எங்கள் ஆட்களின் பித்தளையை நாங்கள் புளி கரைத்துத்தான் தேய்ப்போம். ஜெயம் அண்ணை அதை இணையத்தளத்தில் "பாரம்பரிய இயற்கை முறை" என்று போட்டிருந்தார், மிகப் பெருமை. புளித் தண்ணீர்ச் சட்டி என் இடது பக்கம். தாரா வலது பக்கம், துணி விரித்து. பீடத்துக்குக் காய்ந்த பஞ்சும், தேவைப்பட்ட இடத்தில் ஒரு சொட்டுத் தூய நீரும். அதுதான் முறை, என் அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

டேகெயாரிலிருந்து அழைப்பு வந்தது. மகன் விடாமல் இருமுகிறான், வந்து கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்கள். உதடு என்ன நிறம், விலா உள்ளே போகிறதா, பம்ப் அடித்தீர்களா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். போன் தோளுக்கும் காதுக்கும் இடையில். கை சும்மா இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் வளர்ந்த பெண்ணின் கைக்கு, எதிரே ஒரு பித்தளை நிறச் சாமான் இருந்தால், புளிப் பஞ்சை எடுத்து உச்சியிலிருந்து கீழே தேய்க்கத்தான் தெரியும். பட்டம் வாங்கியது தலை. கை பழைய கைதான்.

அழைப்பை வைத்துவிட்டுப் பார்த்தேன். தாராவின் ஒரு கண் பாதி இருந்தது. மற்றது இல்லை. புருவம் கன்னத்தில் வழிந்திருந்தது. உதட்டுச் சிவப்பு என் பெருவிரலில் இருந்தது. பூச்சுப் போன இடத்தில் வெளிறிய செம்பு, ஈரமாக.

றெஜினா அக்கா வந்து நின்றார். புளிச் சட்டியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், போனைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு காய்ந்த துணியை எடுத்து முகத்தில் இருந்த ஈரத்தை ஒற்றி எடுத்தார், அவ்வளவுதான். அதற்குள் ஜெயம் அண்ணை உள்ளே வந்துவிட்டார்.

"ஆர் உது செய்தது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைவு. ஒன்றும் வரவில்லை.

"நான்," என்றார் அக்கா.

"உமக்குக் கண் தெரியேல்லையோ?"

"ஓம். இப்ப அவவுக்கும் தெரியேல்லை."

ஜெயம் அண்ணை கத்தினார். கடையின் பெயர் போய்விட்டது, பார்க்டேல் முழுக்கச் சொல்லுவார்கள், இனி யார் வருவார்கள் என்று. விக்கிரகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு, மழை விடக் காத்திருப்பவர் போல நின்றார். ஜெயம் அண்ணை போனபின் நான் அக்காவின் பின்னால் கழுவும் இடத்துக்கு ஓடி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டு அழுதேன்.

"உன்னில இரக்கமெண்டு நினையாதை," என்றார். "உன்னை அனுப்பினா ஜெயம் உந்த இடத்தில தன்ர மருமகனைக் கொண்டுவந்து இருத்துவான். உவன் வாயைத் திறந்தா மூடமாட்டான். உன்ர அழுகையெண்டாலும் இடைக்கிடை நிக்கும்." பிறகு சோப்பை என் கையில் தந்தார். "விரலைக் கழுவிப்போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. அவன் இருமினா உன்னைத்தான் கூப்பிடுவான். தாராவை இல்லை."

நான் போனேன். அதை விளங்கிக்கொள்ளலாம். பிள்ளை இருமிக்கொண்டிருந்தான். ஆனால் மறுநாள் வந்தேன். மறுநாளும் சொல்லவில்லை. அவனுடைய மருந்துக்கான காப்புறுதி என் வேலையோடு வந்தது, சொன்னால் இரண்டும் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாய் என்ற சொல்லை நான் அந்த நாட்களில் எதற்கெல்லாம் போர்வையாகப் போட்டேன் என்று நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

டொல்மா வந்தபோது அக்காவே துணியை விலக்கிக் காட்டினார். "நான்தான்," என்றார் அவரிடமும். டொல்மா விக்கிரகத்தைத் திருப்பி அடித்தகட்டைப் பார்த்து, "இதைத் திறந்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. "அப்படியென்றால் இன்னும் உள்ளே இருக்கிறார்." முகத்துக்குப் பொன் பூசித் தரும்படியும், கண்ணை எழுதத் தங்களிடம் ஓவியர் இருக்கிறார், பிறகு லாமா பூசை செய்வார் என்றும் சொன்னார். நன்றி சொல்லவில்லை, கையும் கொடுக்கவில்லை. ஒரு கிழமை றெஜினா அக்கா வேறு எந்த வேலையும் செய்யாமல், மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு அந்த முகத்தைப் பூசினார். கண் இருக்கவேண்டிய இடத்தை மென்மையாக, வெறுமையாக விட்டார். "கண் என்ர வேலை இல்லை. எங்கட மாதா கடையிலயிருந்து வரேக்கையே கண் முழிச்சுக்கொண்டுதான் வருவா. இது வேற ஆக்கள்." அந்த ஒரு கிழமையில் என்னோடு பேசியது அது மட்டும்.

அதற்குப் பிறகுதான் ஜெயம் அண்ணையின் பெருந்தன்மை. விக்கிரகம் ஒன்றையும் தொடக்கூடாது என்று சொல்லி, அக்காவைக் கிரிக்கெட் கிண்ணங்களில் பெயர் பொறிக்க வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "அவவுக்கு இப்ப கண் சரியில்லை" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். இரண்டு மாதத்தில் அக்கா போய்விட்டார். அஜக்ஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டும் வேலை. அவரைப் பரிதாபமாக எழுதியிருக்கும் மலரின் ஏழாம் பக்கத்துக்காரருக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் பரிதாபமாக இருக்கவில்லை. வாடகைக்கு இருந்த நிலக்கீழ்ப் பேஸ்மன்றில் ஒரு மேசை போட்டார், நேபாளக் குடும்பங்கள் தேடி அங்கேயே வந்தன. டொல்மா மட்டும் போகவில்லை.

நான் மகனைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை அங்கே போனேன். இரண்டாம் முறை, தேத்தண்ணியை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"சொல்லிப்போட்டியோ?"

"இல்லை அக்கா."

"தெரியும்," என்றார். மகனுக்கு பிஸ்கற் எடுத்துக் கொடுத்தார். அதற்குமேல் அந்தக் கதை எங்களுக்குள் வரவில்லை. நான் மூன்றாம் முறை போகவில்லை. நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மலரை வாசித்த மறுநாள் டொல்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். என் பெயர் அவருக்கு நினைவில்லை, கடையின் பெயரைச் சொன்னதும் குரல் இறுகியது. றெஜினா இறந்துவிட்டார் என்றேன். அன்று முகத்தைத் துடைத்தது நான் என்றேன். "அப்படியென்றால் நான் நான்கு வருடம் பிழையான ஆளோடு கோபமாக இருந்திருக்கிறேன்," என்றார். "இனி உன்னோடு கோபப்பட வேண்டும். அதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்." வைத்துவிட்டார். எனக்கு அதுவரை யாரும் இவ்வளவு நேர்மையாக மறுமொழி சொன்னதில்லை, ஒருவரைத் தவிர.

பிறகு ஜெயம் அண்ணை. அவருடைய அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்தார்.

"இப்ப ஏன் தங்கச்சி உந்தக் கதை? அவ போயிட்டா தானே. போன ஆளுக்கு என்ன நட்டம்? அச்சடிச்சும் ஆச்சு. அப்பிடியே இருக்கட்டும்."

"நான் எழுதப் போறன் அண்ணை."

"எழுதினா நீர் இஞ்ச வேலை செய்யேலாது. பிள்ளைக்காரி, யோசியும்."

பிள்ளைக்காரி என்று அவர் சொன்ன விதத்தில், நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். அவர் வாயில் அது அசிங்கமாக இருந்தது. என் வாயிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். யோசித்தேன். மருந்து இரண்டு மாதத்துக்கு இருக்கிறது. கணவரின் வேலையில் காப்புறுதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. பயமாக இருக்கிறது. பயத்தோடுதான் இதை உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

ஸ்ரெலா அக்கா, உங்களுக்கு முதலில் வந்து சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள் என்று கேட்கமாட்டேன், றெஜினா அக்காவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. மலரின் நான்காம் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். அதில் என் பெயரை எழுதுங்கள்.

அவருடைய தூரிகையோ, கல்லோ, ஒரு துணித்துண்டோ என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தது அவர் எனக்காகச் சொன்ன ஒரு பொய். நான்கு வருடம் அதைச் சாப்பிட்டு வாழ்ந்தேன், இன்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொள்வது அந்தத் "தெரியும்". அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. என்னிடம் அதற்குமேல் எதிர்பார்க்காத ஒருவரின் குரல் அது. அது சுடுகிறது. சுடட்டும்.